பின் நிற்பவனுக்கு முன் உரிமை



கல்முனைக் கரையிலே கரைவலை வளைக்கும் இடத்தைப் பாடு என்பர். ஒரு பாட்டுக்குப் பல வலைகள் இருக்குமாயின், அவை முறை வைத்தே கடலில் இறங்குதல் வேண்டும். தன் முறையைக் கழித்த வலை, ஏனையவை வளைத்து முடியும்வரை காத்திருத்தலே நியாயம். இந்த நியாயத்தின் சாயலை, இளைஞர் கைப்பேசியில் ஆடும் கற்பனை உதைபந்தாட்டத்திலும் காணலாம்.

அமெரிக்க உதைபந்தாட்டத்தை வைத்து 1962ஆம் ஆண்டில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் கழகத்தின் பங்காளர் பில் விங்கன்பாக் என்பவர் நண்பர்களோடு வகுத்த விளையாட்டு இது. பின்னர் இதுபோன்ற ஆட்டம் இங்கிலாந்துப் பிரிமியர் லீக்குக்கும் வந்தது. உண்மை வீரர்களைத் தெரிந்து ஒவ்வொருவரும் ஓர் அணி அமைப்பர். அவ்வீரர்கள் மைதானத்தில் ஆடும் திறமே அணிக்குப் புள்ளியாகும். டிராஃப்ட் என்னும் வகையில், ஒரு வீரர் ஒரே அணிக்கே உரியவர்.

ஓர் அணி கைவிட்ட வீரரை அடுத்து யார் பெறுவது? முந்தியவருக்கே என்றால், இங்கிலாந்தின் இரவு ஆட்டங்களை நள்ளிரவு கடந்தும் விழித்துப் பார்ப்பவரே எல்லாவற்றையும் அள்ளுவார். அதிகாலையில் தொழிலுக்குச் செல்பவர் வெறுங்கையோடு நிற்பார். இதைத் தடுப்பதே வேவர் விதி. கைவிடப்பட்ட வீரர் குறித்த காலம்வரை நிறுத்தி வைக்கப்படுவார். விரும்புவோர் மறைவாக விண்ணப்பிப்பர். தவணை முடிந்ததும் வரிசைப்படி விண்ணப்பங்கள் பார்க்கப்படும். எவரும் கேளாத வீரரை அதன்பின் முந்தியவர் பெறலாம்.

வரிசை மூவகைப்படும். முதலாவது, புள்ளிப் பட்டியலின் தலைகீழ் வரிசை: கடைசியில் நிற்பவருக்கே முதல் உரிமை. இரண்டாவது, சுழல் வரிசை: வீரரைப் பெற்றவர் வரிசையின் கடைசிக்குச் செல்வார், பெறாதவர் தம் இடத்தை இழவார். ஆகவே சிறு மீனுக்காக முறையைச் செலவிடுவதா, பெரு மீனுக்காகக் காத்திருப்பதா என்று சிந்திக்க வேண்டும். மூன்றாவது, மறைமுக ஏலம்: பருவம் முழுமைக்கும் ஒவ்வொருவருக்கும் பெரும்பாலும் 100 என்ற கற்பனைத் தொகை வழங்கப்படும், கூடுதலாகக் கேட்டவர் பெறுவார், செலவழிந்தது மீளாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கற்பனைத் தொகையின் இடத்தில் உண்மைப் பணம் பணயமாக வந்துவிட்டால், விளையாட்டு சூதாகும்; அது மார்க்கம் விலக்கியது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியா 2025ஆம் ஆண்டில் சட்டத்தால் தடுத்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

பருவம் தொடங்குமுன் எந்த வரிசை, எத்தனை நாள் தவணை என்பவற்றை எழுதி, எல்லோரும் ஒப்புக்கொள்வது நலம். நடுவழியில் விதி மாறினால் கெடுவது புள்ளியன்று, நட்பு. தோற்பவனும் அடுத்த வாரம் நம்பிக்கையோடு திரும்பி வரச் செய்யும் விதியே நல்ல விதி. அதைக் கரைவலை இழுப்போருக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.