ஈரப் படத்தின்மேல் ஓடும் சக்கரம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் இங்க்ஜெட் அச்சுப்பொறிக்குள் சட்டைப் பொத்தான் அளவே உள்ள ஒரு சக்கரத்தைப் பற்றியது. சிறியதே ஆயினும், புகைப்படக் கலைஞர் ஒருவர் பல நாள் உழைத்து, விலையுயர்ந்த தாளில் அச்சிட்டெடுத்த படத்தை விற்பனைக்கு உதவாததாக ஆக்கிவிட அது போதும்.

அத்தகைய படத்தை நேரே நின்று நோக்கினால் குறை ஒன்றும் தெரியாது. அதையே சன்னலருகே கொண்டு சென்று, வெளிச்சம் சாய்வாக விழுமாறு பிடித்துப் பாருங்கள். இருண்ட பகுதிகளின்மீது, எறும்புகள் ஊர்ந்து போன தடம்போல நுண்ணிய புள்ளிகள் நேர்க்கோட்டில் வரிசையாகத் தோன்றும். புள்ளிக்குப் புள்ளி இடைவெளி ஒரே சீராக இருக்கும். அந்தச் சீர்மையைக் கண்டவுடனேயே, பற்களையுடைய ஏதோ ஒன்று இதன்மேல் உருண்டோடியிருக்கிறது என்று ஊகித்துவிடலாம். மேல்நாட்டுப் புகைப்படக்காரர்கள் இதைப் பிட்சா வெட்டும் சக்கரத்தின் தடம் என்பார்கள். நம் வீட்டில் சோமாசியின் ஓரத்தை வெட்டும் பற்சக்கரத்தை நினைத்துக்கொண்டால் நமக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

இச்சக்கரம் எதற்காக அங்கே வைக்கப்பட்டது? ஒரு பொறியின் உறுப்பை வேண்டாதது என்று தீர்மானிப்பதற்கு முன் இக்கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

தாளை உள்ளே இழுப்பவை ரப்பர் உருளைகள். அவற்றைக் கடந்ததும் தாள் அச்சுத் தலையின் கீழ் வருகிறது. தலை இடமும் வலமுமாக ஓடி மைத்துளிகளை எறிகிறது. துளியின் அளவு சில பைக்கோலிட்டர். ஒரு பைக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. தலைக்கும் தாளுக்கும் இடையேயுள்ள வெளியோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். மையிலுள்ள நீரை உறிஞ்சிய தாள் சும்மா இருப்பதில்லை. எண்ணெயில் இட்ட அப்பளம்போல நெளிந்து மேலெழும்புகிறது. எழும்பிய மேடு தலையில் உராய்ந்தால் படம் அழியும். தலைக்கும் கேடு வரும். ஆகவே தலையைக் கடந்த தாளை மேலிருந்து எதுவாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். வழவழப்பான உருளையை வைத்தால் ஈர மை இழுபட்டுப் பரவும். புதிதாக மெழுகிய தரையை யாரேனும் கடக்க நேர்ந்தால் நுனிக்காலால் நடப்பார்கள் அன்றோ? அந்த உபாயத்தையே பொறியாளரும் கைக்கொண்டார். பற்களின் முனை மட்டும் தாளைத் தொடும். கீழேயுள்ள ரப்பர் உருளை தாளை வெளியே தள்ளும்.

கடிதத்திற்கும் கணக்கிற்கும் இந்த ஏற்பாடு குறைவற்றது. பளபளப்பான பூச்சுள்ள கலைத்தாளில்தான் தொல்லை தொடங்குகிறது. அப்பூச்சு மையை உறிஞ்சிய அந்தச் சில விநாடிகளில் மென்மையாக இருக்கிறது. முனை அதில் குழிவிழச் செய்கிறது. மையின் தன்மையும் இதற்குத் துணைபோகிறது. சாயமை பூச்சுக்குள் இறங்கிவிடும். நிறமித் துகள் கலந்த மை பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கும். நெடுங்காலம் மங்காது என்பதற்காகவே நிறமி மையைக் கலைஞர்கள் விரும்பினார்கள். 2000-ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனத்தின் ஸ்டைலஸ் போட்டோ 2000பி வந்தபோது, அத்தகைய மை மேசைமேல் வைக்கும் பொறிக்கே கிடைத்தது. நீண்ட ஆயுளைத் தேடிப் போனவர்களுக்குத் தடமும் உடன் வந்தது.

கலைப்படம் அச்சிடுவோர்க்கு இத்தொல்லை தொடக்கத்தில் இல்லை. கிரஹாம் நாஷ் என்னும் இசைக்கலைஞர் புகைப்படத்திலும் ஈடுபாடு உடையவர். அவருடைய நாஷ் எடிஷன்ஸ் அச்சகம் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் 1991-இல் தொடங்கிற்று. அங்கிருந்தது ஐரிஸ் 3047 என்னும் பொறி. விலை 1,26,000 டாலர். அதில் தாளை ஓர் உருளைமேல் சுற்றிப் பொருத்திவிடுவார்கள். உருளை சுழலச் சுழல மை பாயும்; அச்சான முகத்தை எந்தச் சக்கரமும் தொடுவதில்லை. மை தெளித்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ‘ஜிக்லே’ என்ற பெயரை அவ்வச்சகத்தைச் சேர்ந்த ஜாக் டுகான் அதே ஆண்டில் இத்தகைய படங்களுக்குச் சூட்டினார். ஐரிஸுக்கு வேறொரு குறை இருந்தது. கலைஞர் விரும்பிய தடித்த பருத்தித் தாளுக்கு அதில் இடமில்லை. நாஷின் கூட்டாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அச்சுத் தலையின் ஒரு பகுதியை அறுத்தெடுத்து, தலையைப் பின்னுக்குத் தள்ளி, தடித்த தாளுக்கு இடம் உண்டாக்கினார்கள். உத்தரவாதம் அத்துடன் போயிற்று. அந்தப் பொறி பின்னாளில் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. அறுத்தவர்களின் துணிவை நான் மெச்சுகிறேன். எங்கே அறுக்க வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்ததை அதனினும் மெச்சுகிறேன்.

இனி நம் மேசைக்கு வருவோம். முதலில் நோயை அறிய வேண்டும். தடம் எல்லாம் ஒரே வகை அல்ல. வெள்ளைப் பகுதியில் மையோடு புள்ளி விழுந்தால், சக்கரத்தின் பற்களில் மை ஒட்டியிருக்கிறது என்று பொருள். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். தாளின் ஓரத்தில் தீற்றல்போல் கறை படிந்தால், அது தலை உராய்ந்தது; சக்கரத்தின்மேல் பழி போடுதல் தகாது. கரும்பகுதியில் மையின்றிக் குழி மட்டும் தெரிந்தால்தான் நாம் தேடுகிற தடம். ஒருமுறை கரும்பட்டை ஒன்றைத் தாளின் முழு அகலத்திற்கும் அச்சிட்டு, தடங்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்று அளவுகோலால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் திருகாணியில் கைவைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பொறியைத் திறக்காமலே சில வழிகள் உண்டு. பளபளப்பற்ற பருத்தித் தாளில் தடம் அவ்வளவாகக் கண்ணில் படாது. மையின் அளவைச் சற்றுக் குறைக்கலாம்; அச்சிடும் வேகத்தைத் தணித்து, மை உலர நேரம் கொடுக்கலாம். இவ்வளவு செய்தும் தடம் நிற்குமாயின், உத்தரவாதக் காலம் கடந்த பழைய பொறியாகப் பார்த்து மாற்றத்தைத் தொடங்கலாம்.

பொறியின் பொத்தானை அழுத்தி அணைத்தால் தலை தன் இருப்பிடத்திற்குச் சென்று மூடிக்கொள்ளும். அதன் பிறகே மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். தாள் வெளிவரும் வாயிலில், குறுக்கே ஒரு சட்டம் தெரியும்; சக்கரங்கள் அதில்தான் வரிசையாக இருக்கும். அங்கே தலையின் பாதையை ஒட்டி மெல்லிய ஒளிபுகும் பட்டை ஒன்றும் ஓடக்கூடும். தலை தான் இருக்கும் இடத்தை அறிவது அதைக் கொண்டே. அதில் விரல்கூடப் படலாகாது.

இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. சட்டத்தைத் தாங்கும் திருகாணிகளின் அடியில் மெல்லிய வளையங்களைச் செருகிச் சட்டம் முழுவதையும் சிறிது உயர்த்துவது ஒன்று. எளிது, விரும்பியபோது பழையபடி மாற்றலாம். ஆனால் ஓரமும் பிடிப்பை இழந்துவிடுகிறது. நடுவிலுள்ள சக்கரங்களை மட்டும் கழற்றுவது மற்றொன்று. எனக்கு இதுவே பிடிக்கும். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். படத்தை 17 சென்டிமீட்டர் அகலத்தில் நடுவே அமைத்தால் இருபுறமும் இரண்டிரண்டு சென்டிமீட்டர் வெள்ளை ஓரம் மிஞ்சும். அந்த ஓரத்தில் ஓடும் சக்கரங்கள் அப்படியே இருக்கட்டும். முன்பு அளந்து எழுதிய குறிப்பைப் பார்த்து, படத்தின்மேல் ஓடுபவற்றை மட்டும் எடுக்க வேண்டும். சக்கரத்தின் அச்சு பெரும்பாலும் மெல்லிய சுருள்வில்லாக இருக்கும். நெம்பும்போது துள்ளிப் பொறிக்குள் விழுந்துவிடும். ஒரு விரலால் மூடிக்கொண்டு எடுங்கள்.

எடுத்தாயிற்று. சக்கரம் செய்துவந்த வேலை மட்டும் எங்கும் போய்விடவில்லை. அதை இனி நாம் வேறு வகையில் செய்ய வேண்டும். பெரிய அச்சுப்பொறிகள் பலவற்றில் தாளின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சித் தாளைப் படிய வைக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. எனவே, தானே நெளியாமல் கிடக்கும் தடித்த தாளையே இடவேண்டும். மெல்லிய தாள் இப்பொறிக்கு இனி ஆகாது. சுருளாக வந்த தாளை முந்தின நாளே கனமான புத்தகங்களின் கீழ் வைத்து நேராக்க வேண்டும். கணினியில் ‘தடித்த தாள்’ என்ற அமைப்பைத் தேர்ந்தால் பல பொறிகளில் தலை சற்று உயரும். வெளிவரும் தாள் தொங்கிக் கீழிழுக்காதபடி ஓர் அட்டையால் தாங்கல் கொடுக்க வேண்டும்.

தாளின் கடைசிப் பகுதியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தாளின் வால் உள்ளே இழுக்கும் உருளைகளை விட்டு நழுவியபின், அதை நகர்த்துவது வெளிவாயில் உருளையும் சக்கரங்களும் மட்டுமே. நடுச்சக்கரங்கள் இல்லாததால் அந்த நகர்வு துல்லியம் இழக்கும். படத்தில் குறுக்குப் பட்டைகள் விழும். ஆகையால் அடியில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டே படத்தை அமைக்க வேண்டும். சட்டமிடுவோர் எப்படியும் அடி ஓரத்தை அகலமாகக் கேட்பார்கள், இதனால் நட்டமில்லை.

முடித்தபின் அதே கரும்பட்டையை மறுபடி அச்சிட்டு, சன்னலருகே சாய்த்துப் பாருங்கள். தடம் ஓரத்தில் மட்டும் ஓடினால் வேலை முடிந்தது. கழற்றிய சக்கரங்களையும் சுருள்களையும் ஒரு சிறு தகர டப்பாவில் இட்டு, எது எந்த இடத்தது என்று எண் எழுதிப் பொறியின் அடியிலேயே ஒட்டிவையுங்கள். நாளை அதே பொறியில் வேறொருவர் சாதாரணத் தாளில் கடிதம் அச்சிட விரும்பக்கூடும்.