இரத்தம் உறையும் நேரமும் லொறி வரும் நேரமும்
(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசத்தான் நாம் அடிக்கடி கூடுகிறோம். இன்று உயிரைப் பற்றிப் பேசுவோம்.

போன கவ்வாத்துக் காலத்தில் நம் சகோதரர் ஒருவருக்குத் தொடையில் கத்தி பட்டது. நல்ல மழை. லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. காயத்தில் கோப்பித்தூளை அப்பினோம். நனைந்த உடுப்போடு அவரைப் படங்கில் கிடத்தி, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்த டாக்டர், "உறையும் தன்மை குறைந்துவிட்டது" என்றார். அவர் பிழைத்துவிட்டார். ஆனால் டாக்டர் சொன்னதன் அர்த்தம் என்ன என்று நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

காயம் பட்டால் இரத்தம் தானாக உறைந்து ஓட்டையை அடைக்கும். அதிக இரத்தம் போனாலும், உடம்பு குளிர்ந்தாலும் அந்தச் சக்தி குறைகிறது. லண்டனில் பலமாகக் காயப்பட்ட 1,088 பேரின் விபரங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போதே நாலு பேரில் ஒருவருக்கு இரத்தம் சரியாக உறையவில்லை. அப்படிப்பட்டவர்களில் 46 வீதமானோர் இறந்தார்கள். மற்றவர்களில் இறந்தது சுமார் 11 வீதம்தான்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் பரிசோதனை. வழக்கமான சோதனையில் இரத்தத்தின் தெளிந்த நீரைப் பிரித்து, அது உறையத் தொடங்க எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பார்ப்பார்கள். முடிவு கைக்கு வர அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கட்டி எவ்வளவு உறுதியானது, பிறகு கரைந்துவிடுமா என்பதை அது காட்டாது. ரோட்டெம் என்னும் இயந்திரம் முழு இரத்தத்தையே வைத்து அதைக் காட்டும். முதல் விபரம் சுமார் பத்து நிமிடத்தில் கிடைக்கும். ஆனால் அந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். டிரனெக்சாமிக் அசிட் என்ற மருந்து உறைந்த இரத்தம் கரையாமல் காக்கிறது. 2010இல் வெளியான, 20,211 பேரைக் கொண்ட ஆய்வு, அது உயிர் காக்கும் என்று காட்டியது. காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது. மூன்று மணி நேரம் தாண்டினால் பயனில்லை, கெடுதலும் வரலாம்.

ஆகவே பரிசோதனையும் மருந்தும் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். நேரம் மலையிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. அதனால் நாம் செய்ய வேண்டியவை:

காயத்தில் கோப்பித்தூள், தேயிலைத்தூள் எதுவும் போடாதீர்கள். சுத்தமான துணியை வைத்துப் பலமாக அழுத்துங்கள். ஆள் வரும்வரை கையை எடுக்காதீர்கள்.

உடனே 1990க்கு அழையுங்கள்.

நனைந்த உடுப்பைக் கழற்றி, கம்பளியால் போர்த்துங்கள்.

காயம் பட்ட நேரத்தை எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அவர் வாபரின், அஸ்பிரின் போன்ற மருந்து குடிப்பவர் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது மூன்று: ஒவ்வொரு மலைக்கும் ஸ்டோருக்கும் முதலுதவிப் பெட்டி, வேலைக்குழு ஒவ்வொன்றிலும் முதலுதவி பழகிய இருவர், காயப்பட்டவரை ஏற்ற எந்நேரமும் ஒரு வாகனம். கொழுந்து வாடிவிடும் என்று லொறி விரைகிறது. கொழுந்து பறிக்கும் கைகளுக்கும் அந்த அவசரம் வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் இந்தக் கோரிக்கையைக் கடிதமாகக் கையளித்துவிட்டு வர வேண்டும்.