உடல் வழியே தணியும் பதற்றம்

கடும் பதற்றத்தில் தவிப்பவரிடம் "பயப்படாதே" என்று எத்தனை முறை சொன்னாலும் பயம் போவதில்லை. அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கும், வாய் வறளும், மேல்மூச்சு வாங்கும். சொல்வதைக் கேட்டு நிதானிக்கும் நிலையில் அப்போது மனம் இருக்காது. தோல், தசை, மூச்சு வழியாகத்தான் அவரை முதலில் எட்ட முடியும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி கரைகளை அழித்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரியைத் தாக்கியது. கடலுக்குப் போன பலர் வீடு திரும்பவில்லை. இத்தகைய நாட்களைக் கண்டவர்களுக்குப் பலத்த காற்று வீசினாலே உடல் நடுங்கலாம். அது கோழைத்தனம் அல்ல, நரம்பு மண்டலத்தின் நினைவு.

அந்த நடுக்கத்தைத் தணிக்கக் குளிர்ச்சி உடனடியாக உதவும். தோர்த்துத் துண்டை ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நெற்றியும் கண்ணும் கன்னமும் மூடும்படி வைத்து, சில நொடிகள் மூச்சை அடக்க வேண்டும். முகத்து நரம்புகள் அந்தக் குளிரை மூளைத்தண்டுக்குச் சொல்ல, அங்கிருந்து வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும். நீரில் மூழ்கும் பாலூட்டிகள் அனைத்துக்கும் உள்ள இயல்பு இது. வேகஸ் நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தை அடக்குகிறது என்பதை 1921இல் மருந்தியல் அறிஞர் ஓட்டோ லோவி தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். இதய நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் குளிர் முறையைச் செய்யக் கூடாது.

ஐஸ் இல்லாத இடத்தில் மூச்சு போதும். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும்; வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு இயல்பாகவே குறையும். உள்ளங்காலைத் தரையில் அழுத்தி ஊன்றுவதும், கைகளை இறுக மூடித் தளர்த்துவதும் துணை செய்யும்.

எந்த உணர்வு யாருக்கு இதம் என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். அலையைக் கண்டு பதறுபவரைக் கடற்கரை மணலில் நிற்க வைப்பது கொடுமை. தோவாளைப் பிச்சிப்பூவின் மணம் ஒருவரை ஆற்றும்; இன்னொருவருக்கு இழவு நடந்த துட்டி வீட்டை நினைவூட்டும். முதுகைத் தடவிக் கொடுப்பதானாலும் கேட்டுவிட்டே தொட வேண்டும்.

இவை அந்த நேரத்துக்கான உதவி மட்டுமே. நெஞ்சுவலி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் குமரியில் உள்ளவர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.