நிதி வந்தது, வாய்க்கால் எங்கே?

"பணம் ஒதுக்கவில்லை" என்ற ஒரே பல்லவியை எத்தனை மேடையில்தான் கேட்பது? ஒதுக்கிய பணம் என்ன ஆனது என்று இன்று கேட்போம். 2016 ஜனவரியில், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் பட்டியலிலேயே கோவை இடம்பிடித்தது. மத்திய அரசு 500 கோடி, மாநிலமும் மாநகராட்சியும் சேர்ந்து அதே அளவு என்பது கணக்கு. அதே ஆண்டு அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். பணம் வந்த காலத்தில், அதைத் தட்டிக் கேட்க வேண்டிய கவுன்சிலர் நாற்காலிகள் ஐந்தாண்டுக்கு மேல் காலி! தேர்தல் நடத்தாததால் நிதிக்குழு மானியத்தையும் டெல்லி நிறுத்தி வைத்தது. அந்த நஷ்டமும் நம் தலையில்தான். உக்கடம் பெரியகுளத்துக் கரையில் நடைபாதையும் விளக்கும் வந்தன. மாலையில் குடும்பத்தோடு போய் உட்காரலாம், மறுக்கவில்லை. ஆனால் குளத்துக்குள் வரும் சாக்கடையை அல்லவா முதலில் மறித்திருக்க வேண்டும்? அந்த வார்டில் ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் மன்றத்தில் இருந்திருந்தால், நாற்றம்தான் முதல் தீர்மானமாகியிருக்கும்.

"மன்றம் இருந்தால் இழுபறி, அதிகாரிகள் கையில் விட்டால் வேகம்" என்பார்கள். வேகம் எங்கே கெடுகிறது என்பதை அத்திக்கடவு–அவிநாசி நீர்த் திட்டம் சொல்லும். அரை நூற்றாண்டுக்கு மேல் போராடிப் பெற்ற திட்டம், 1.5 டி.எம்.சி. நீர், அது நிரப்பும் 1,045 குளம் குட்டைகள், பாசனம் பெறும் 24,468 ஏக்கர். 2019 பிப்ரவரியில் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17-ல் திறப்பு. செலவு முழுக்க மாநில அரசுடையது. டெல்லியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் காளிங்கராயன் அணைக்கட்டுப் பக்கம் குழாய் போகும் நிலத்துக்கு விவசாயிகளோடு பேசி முடிக்காமலே வேலையைத் தொடங்கினார்கள். அந்தக் கொஞ்ச தூரம், பதித்து முடித்த நெடுந்தூரக் குழாயையெல்லாம் காக்க வைத்தது. முன்கூட்டி ஊரோடு உட்கார்ந்து பேசுவதை இழுபறி என்றால், பின்னால் நேர்ந்த இந்தத் தாமதத்துக்கு என்ன பெயர்?

"கோவை மெட்ரோ ரயில் திட்டத்தைத் திருப்பி அனுப்பிய டெல்லியைக் கேளுங்கள்" என்று ஒரு குரல் வருகிறது. கேட்போம். 2011-ன் மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2025-ல் நம் ஊரை அளந்தது அநியாயம். ஆனால் 2020-ல் தொடங்கிய வெள்ளலூர் பேருந்து நிலையம் பாதியில் நின்றதற்கும் டெல்லியா காரணம்? அடுத்த அடிக்கல் விழா அழைப்பிதழ் வரும்போது தலைவர்களின் பெயரை விடுங்கள். நிலம் கைக்கு வந்துவிட்டதா, மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியதா, கட்டிய பிறகு கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று கொண்டுவந்தவரிடமே கேளுங்கள். பதில் இல்லையென்றால் அழைப்பிதழை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.