அபிமானத்துக்கு மேல்வரம்பு



2021 மே மாதத்தில் சீனாவிலிருந்து ஒரு காணொளி பரவியது. சிலர் கூடி உட்கார்ந்து பால் பான பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள்; மூடியை எடுத்து வைத்துக்கொண்டு பாலை வாய்க்காலில் கொட்டுகிறார்கள். ஐச்சியி நிறுவனம் நடத்திய 'யூத் வித் யூ' என்ற போட்டி நிகழ்ச்சிக்கு மெங்நியூ பால் நிறுவனம் விளம்பரதாரர். மூடிக்குள் இருந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பிடித்த போட்டியாளருக்குக் கூடுதல் ஓட்டு விழும். ரசிகர்கள் பணம் திரட்டிப் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது மூடி மட்டும். நம் ஊர் கட்அவுட் பாலாபிஷேகம் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் இங்கே அது ரசிகர்கள் தாமாக உண்டாக்கிக்கொண்ட சடங்கு. அங்கேயோ, பாலைக் கொட்டினால்தான் லாபம் என்று ஆகும்படி போட்டியின் விதியே அமைந்திருந்தது. இறுதிச் சுற்றுக்கு முன் பெய்ஜிங் அதிகாரிகள் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். இரண்டு நிறுவனங்களும் மன்னிப்புக் கேட்டன.

ரசிகர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அபிமானம் உயிரையும் பொருளையும் பறிக்கும் இடங்களில், பெரும்பாலும் அதற்கு முன்பே யாரோ அதை எண்ணிக்கையாக மாற்றியிருக்கிறார்கள், மேல்வரம்பு வைக்காமல். 2023 ஜனவரி 11 அன்று, ஒரு புதுப் படத்தின் நள்ளிரவு தாண்டிய சிறப்புக் காட்சிக்காகத் திரண்ட கூட்டத்தில், சென்னைக் கோயம்பேட்டில் 19 வயது இளைஞர் ஒருவர் ஓடும் லாரியிலிருந்து குதித்து இறந்தார். 2024 டிசம்பர் 4 இரவு, ஹைதராபாத் சந்தியா திரையரங்கில் 'புஷ்பா 2' படத்தின் முன்காட்சிக்கு அதன் நாயக நடிகரும் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு தாய் இறந்தார். அவருடைய மகன் உயிருக்குப் போராடினான். நள்ளிரவில் எதற்குக் காட்சி? முதல் நாள் வசூல்தான் கௌரவம் என்று ஆகிவிட்டது. டிக்கெட் வாங்குவதைத் தன் நாயகனுக்குச் செய்யும் கடமையாகவே ரசிகர் நினைக்கிறார். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் 11 பேர் நெரிசலில் இறந்ததும் அந்நகரின் கிரிக்கெட் அணி கோப்பை வென்ற மறுநாளே. காலையில் சமூக ஊடகத்தில் வெற்றி ஊர்வல அழைப்பு. மாலைக்குள், சுமார் 35,000 பேர் அமரக்கூடிய சின்னசாமி மைதானத்தைச் சுற்றி லட்சக்கணக்கானோர்.

யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, வந்தவர்கள் வயது வந்தவர்கள்தானே என்று கேட்பார்கள். தனி மனிதரின் பொறுப்பை நானும் மறுக்கவில்லை. ஆனால் நெரிசலில் மூச்சுத் திணறுகிறவர் தன் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அறியமாட்டார். அதை அறியக்கூடியவர் அழைத்தவர்தான். ரசிகர் மன்றங்கள் ரத்த தானமும் செய்கின்றனவே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். உண்மைதான்; அதே இளைஞர்கள், அதே வேகம். ஆனால் ரத்த வங்கி வருகிறவர் எல்லோரிடமும் வாங்குவதில்லை. எடை பார்க்கிறது, ஹீமோகுளோபின் பார்க்கிறது. ஒருமுறை கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் காத்திருக்க வேண்டும் என்கிறது. நாயகன் பெயரைச் சொல்லி எத்தனை கெஞ்சினாலும் இரண்டாவது பையை எடுக்காது. அந்த வேகத்தை நன்மையாக்குவது இந்த வரம்புதான். வரம்பு வைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் குறைவு. தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்று, முதல் காட்சி காலை 9 மணிக்கு என்றான பிறகும் பெரிய நடிகர்களின் படங்களுக்கு முதல் நாள் அரங்குகள் நிறைகின்றன.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் விளம்பர நிறுவனத்திலும், செயலி உருவாக்கும் குழுவிலும், மாவட்ட நிர்வாகத்திலும் உட்காரப்போகிறீர்கள். அந்தப் போட்டி விதியையும் அந்த அழைப்பையும் எழுதியவர்கள் உங்களைப் போலவே படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அப்படியொரு திட்டம் உங்கள் மேசைக்கு வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு ஆளுக்கு எத்தனை வரை? நாம் கூப்பிட்ட எல்லோரும் வந்துவிட்டால் எங்கே நிற்பார்கள்? 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று மேலதிகாரி சொன்னால், உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, கூட்டக் குறிப்பில் பதிவாகும்வரை எழுந்திருக்காதீர்கள்.