மலைமேல் ஒரு வேலை

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசல வனத்தில் ஆந்திரக் காவலர் சுட்டதில் மாண்ட 20 தமிழ்த் தொழிலாளருள் பலர், ஜவ்வாது மலையிலும் அதன் அண்டைப் பிரதேசங்களிலும் பிறந்து, ஊரில் ஜீவனத்துக்கு வழியின்றிச் செம்மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள் என்று தெரியவந்த பிறகே, நம்மில் அநேகருடைய பார்வை அம்மலையின் மீது விழுந்தது. வேலை என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை.

மழையை நம்பிச் சரிவுகளில் சாமை விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினர், அதை உமியோடே மூட்டை கட்டி வியாபாரியிடம் கொடுத்துவிட (தராசும் பெரும்பாலும் அவருடையதே!), அரிசியாக்கி விற்கும் லாபம் சமவெளிக்குப் போய்விடும். அம்மலையிலுள்ள ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்களே பங்குதாரராகவுள்ள உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று தோன்றி, கல் நீக்கி, உமி அகற்றிப் பொட்டலம் கட்டும் காரியத்தை மலைமேலேயே நடத்துவதால், உள்ளூர்ப் பெண்கள் சிலருக்கு இயந்திரத்தருகே உத்தியோகம் கிட்டியிருக்கிறது.

சிலருக்குத்தான், ஆயினும் தேனும் புளியும் கடுக்காயும் அங்கே உண்டே! தேன் வடிக்கவும் புளியங்கொட்டை எடுக்கவும் கைகள் உள்ளன. கணக்கெழுதவும் சந்தை பிடிக்கவும், படிப்பு முடித்து வீட்டிலிருக்கும் இளைஞருக்கு முதலில் பயிற்சி அளிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.