கோபத்துக்குச் செலவில்லை

வியட்நாம் போரின் கிளைக்கதை ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

1972 ஜூலையில் ஹாலிவுட் நடிகை ஜேன் ஃபோண்டா, அமெரிக்கா போரிட்டுக்கொண்டிருந்த வட வியட்நாமின் தலைநகர் ஹனோய் போனார். அமெரிக்க விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் பீரங்கியின் இருக்கையில், தலையில் இரும்புத்தொப்பியோடு உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தார். படம் உலகைச் சுற்றியது. ‘ஹனோய் ஜேன்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. 1988-இல் தொலைக்காட்சியில் படைவீரர்களிடம் மன்னிப்புக் கேட்டும் அது உதிரவில்லை.

என் கணக்கில் அந்தப் படத்தைவிடப் பெரிய பிழை வேறு. 1973-இல் வட வியட்நாம் சிறையிலிருந்து மீண்ட அமெரிக்க விமானிகள் சித்திரவதைபட்டதைச் சொன்னபோது, ஃபோண்டா அவர்களைப் பொய்யர்கள், வேடதாரிகள் என்றார். பீரங்கியில் அமர்ந்ததை அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். கைகளைப் பின்னால் கயிற்றால் இறுக்கிக் கட்டி வதைக்கப்பட்டவனைப் பார்த்து ‘நீ புளுகுகிறாய்’ என்பதை அப்படி விட முடியாது.

ஆனால் ‘நடிகை ஒரு பக்கம், போர்வீரர் மறுபக்கம்’ என்று கோடு போட்டவர்கள் 1971-ஐ மறைத்துவிட்டார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் டெட்ராய்ட் ஹோட்டல் ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள், வியட்நாமில் தாங்கள் கண்டதையும் செய்ததையும் மூன்று நாள் சாட்சியமாகச் சொன்னார்கள். அதற்குப் பணம் திரட்டியவர்களில் ஃபோண்டாவும் ஒருவர். ஏப்ரலில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னே போட்டிருந்த வேலிக்கு மேலாக, முன்னாள் வீரர்கள் ஒவ்வொருவராக வந்து தம் பதக்கங்களை வீசி எறிந்தார்கள். சிலர் தம் பெயரைச் சொல்லி எறிந்தார்கள், சிலர் அழுதார்கள். போரை எதிர்த்த குரல்களுள் கனமானது சீருடை கழற்றியவர்களுடையதுதான். நடிகை பாடியது பின்பாட்டு. அது சுருதி தப்பியதில் பாட்டும் கெட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி, நடிகையைத் திட்டி ‘வீரர் பக்கம் நின்றோம்’ என்றவர்களைப் பார்ப்போம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையை 1970 மே மாதம் ‘லைஃப்’ இதழ் படம்பிடித்துப் போட்டது. நெருக்கியடித்த கட்டில்கள், உடல் செயலிழந்து கிடக்கும் இளைஞர்கள், எலிகள். அந்த அவலத்துக்கு எந்த நடிகையும் காரணமில்லை.

வியட்நாமில் அமெரிக்கப் படை தெளித்த ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ களைக்கொல்லியால் நோயுற்ற வீரர்களின் வழக்கில் ரசாயன நிறுவனங்கள் 1984-இல் 18 கோடி டாலர் தர ஒப்பின. பங்கு பிரித்தபோது தலைக்குச் சராசரியாக ஏறத்தாழ 3,800 டாலர் கிடைத்தது. அந்த நோய்களைப் போரின் விளைவாக ஏற்று அரசு இழப்பீடு தருவதற்கான சட்டம் 1991-இல்தான் வந்தது. மாண்டவர்கள் பெயரைப் பொறித்த கருங்கல் சுவர் வாஷிங்டனில் 1982-இல் எழுந்ததும் முன்னாள் வீரர்கள் முன்னின்று திரட்டிய நன்கொடையில்தான். அரசு தந்தது இடம்.

நடிகையைத் திட்டக் காசு வேண்டாம். சக்கர நாற்காலிக்கும் செவிலியர் சம்பளத்துக்கும் வேண்டும்; அது வரிப்பணத்திலிருந்து வர வேண்டும். முதலாவதைச் செய்தவர்கள் இரண்டாவதையும் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஈராக் போர்க்காலத்தில் கார்களின் பின்புறம் மஞ்சள் ரிப்பன் ஒட்டி வீரர்களை வாழ்த்துவது வழக்கமானது. எந்த நடிகையும் பாக்தாத் பீரங்கியில் ஏறவில்லை. ஆயினும், வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையைச் சேர்ந்த 18-ஆம் எண் கட்டடத்தில், காயம்பட்டு வந்தவர்கள் பூஞ்சை படர்ந்த சுவர்களுக்கும் எலிகளுக்கும் நடுவே தங்கியிருந்ததை 2007 பிப்ரவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ எழுதியது. வெறும் இரண்டு வாரத்தில் ராணுவத்துறைச் செயலாளர் பதவி விலக நேர்ந்தது.